பதில் தட்டக் கூடாது

ஜூன் 1, 1998. திங்கள்

காலையில் தூறல். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று இல்லை, ஜன்னலில் வெள்ளைத் தூசியும் இல்லை. நல்ல சகுனம் என்றார் அத்தை. தன் மகன், என் வீட்டுக்காரர், போன பிறகு அத்தை சகுனம் பார்த்து இன்றுதான் கேட்கிறேன்.

வேலையில் முதல் நாள். ஆயா வேலை இல்லை, டீச்சர் வேலையும் இல்லை. பயிற்சியில் கொடுத்த பெயர் ‘வகுப்பறைத் துணையாளர்’. பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. மணி பத்துக்குள் ‘துணை மிஸ்’ ஆகிவிட்டேன்.

என் பொறுப்பில் ஒரே பிள்ளை. சீலன். எட்டு வயது. பள்ளிக்கு இப்போதுதான் வருகிறான், வயதைப் பார்த்து நேராக மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கை கால் இறுகிப்போனது. கழுத்து நிற்காது. பேச்சு கிடையாது. அவன் அப்பா முருகேசன் சுரங்க வாயில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிறவர். மரவேலைக் கொட்டகையில் சொல்லிச் செய்த நாற்காலியில் அவனை வார் போட்டுக் கட்டி, பின்னால் பொருத்திய சைக்கிள் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் ஒரு பலகை, புத்தகம் வைக்க.

பயிற்சியில் சொன்னவை, மறக்காமலிருக்க:
தூக்கும்போது முழங்காலை மடக்கு, இடுப்பை மடக்காதே.
ஊட்டும்போது தலை பின்னால் சாயக் கூடாது.
வாயைத் துடைக்குமுன் சொல்லிவிட்டுத் துடை.
எதையாவது கேட்டால் காத்திரு. பதில் வர நேரமாகும்.

கடைசியை எதற்குச் சொன்னார்களோ. வாயில்லாப் பிள்ளை என்ன பதில் சொல்லப் போகிறது.

வருகைப் பதிவில் வகுப்பு எடுக்கும் லீலா டீச்சர் அவன் பெயரைத் தாண்டிவிட்டார். அவனால் ‘உள்ளேன் மிஸ்’ சொல்ல முடியாதே என்று, பாவம், நல்ல எண்ணத்தில்தான்.

ஜூன் 3, புதன்

வெயில். அரிசி தீர்ந்தது. ஊரிகம் கடையில் சோப்பு, சின்னத் துவாலைகள்.

துவாலை எத்தனை வாங்கினாலும் போதாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கழிப்பறைக்குத் தூக்கிப்போகும்போது பாதி வழியில் உடம்பு விறைத்துக்கொண்டான். முழங்கால் பாடமெல்லாம் மறந்துபோய் இடுப்பு பிடித்துக்கொண்டது. சீலனுக்கோ சிரிப்பு. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்கிறான், திருடன்.

மத்தியானம் சொல்வதெழுதுதல். வகுப்பு அமைதி. என் பக்கத்தில் சத்தம்.

நாற்காலிப் பலகையில் அவன் கை முட்டி. டொக், டொக், டொக். நிறுத்தம். மறுபடி மூன்று.

லீலா டீச்சர் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. அவரும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குருவி கத்தினாலே திரும்புகிற வயசு. இந்தச் சத்தத்துக்குத் திரும்பக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

அவன் கையை எடுத்து மடியில் வைத்தேன். வைத்தது நானா, என் பயமா, தெரியாது.

ஜூன் 4, வியாழன்

எழுதினால் பயம் குறையும் என்று எழுதுகிறேன்.

எங்கள் லைனில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கீழே, சுரங்கத்துக்குள், ஆளில்லாத பக்கத்திலிருந்து பாறை தட்டும். அதற்குப் பதில் தட்டக் கூடாது. தட்டினால் பாறை இன்னொரு ஆளைக் கேட்கும். அங்கே உண்டான கட்டுப்பாடு எப்படியோ லிஃப்ட் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் தட்டினால்கூட அத்தை, “தட்டாதமே” என்பார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இது வேறு மாதிரி. விடியற்காலையில் தண்ணீர் வருமுன் குழாயில் காற்று தட்டும். காற்றுதான். தெரியும். ஆனாலும் படுத்தபடியே எண்ணுவேன். மூன்று வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பாறை வெடித்து வழி மூடிப்போனபோது அவர் அந்தப் பக்கம் இருந்தார். மண்ணை எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதாக லைனில் பேச்சு. வெறும் பாறைச் சத்தம்தான் என்று கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் யாரையும் கேட்டதில்லை.

நாளை: துவாலை துவைக்க. சீலனின் வாருக்குப் பஞ்சு வைக்க. தோளில் சிவந்திருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

மேகமூட்டம். பஸ் தாமதம். முருகேசன் அண்ணன் சீலனை விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினார். போகிற போக்கில் சொன்னது: மகன் குழந்தையாயிருந்தபோது வீட்டில் அழுதால், அவனைத் தூக்கிக்கொண்டு போய், கேஜ் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் காட்டுவார்களாம். மணி கேட்டால் அழுகை நின்றுவிடுமாம்.

அந்த மணி எங்கள் எல்லாருக்கும் தாலாட்டுதான். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் கேஜுக்குள் ஆள் இருக்கிறது, பார்த்து. இங்கே அடித்த மணி, கேஜை இழுக்கும் இன்ஜின் வீட்டிலிருந்து அப்படியே திரும்பி வர வேண்டும். வந்தால்தான் கேஜ் நகரும்.

இன்றும் தட்டினான். மூன்று மூன்றாக. பலகை அதிர. லீலா டீச்சர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

ஜூன் 12, வெள்ளி

நல்ல மழை. கூரை ஒழுகல், பாத்திரம் வைத்தது.

சீலனின் அம்மா வசந்தா பருப்புச் சோறு குழைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஊட்டினேன். பாதியில் கிண்ணத்தின் மேல் கையால் ஒரே ஒரு தட்டு. நான் இன்னொரு வாய் வைத்தேன். மறுபடி ஒரு தட்டு. இன்னொரு வாய். புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. முன்னால் சாய்த்து முதுகில் தட்டி, மூச்சு வந்து, அவன் அழுது, நானும் அழுது.

சாயங்காலம் வசந்தாவிடம் சொன்னேன். அவன் கை அப்படித்தான் உதறும், நீ பயப்படாதே அக்கா என்றாள். வீட்டில் அவன் தட்ட ஆரம்பித்தால் அவள் மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொள்வாராம். பிறந்ததிலிருந்து.

அவன் கண்ணை மறக்க முடியவில்லை. புரையேறுமுன் என்னைப் பார்த்தான். சொன்னேனே, கேட்டாயா என்பதுபோல.

ஜூன் 16, செவ்வாய்

பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஹெட்மிஸ்ட்ரஸ், மங்களூர்க்காரர், மழை இல்லாவிட்டாலும் குடை. அவருக்கு நம் ஊர்ப் பயம் எதுவும் கிடையாது. அவருக்கு அது சத்தம், அவ்வளவுதான். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் படிக்க வேண்டாமா என்றார். கேள்வி நியாயம். மாதக் கடைசியில் வந்து வகுப்பில் உட்காருவாராம். அவன் பாடத்தில் இருக்கிறானா, வெறுமனே நாற்காலியில் இருக்கிறானா என்று பார்ப்பாராம். வெறுமனே என்றால் வீட்டுக்கு.

வீட்டில் என்ன இருக்கிறது அவனுக்கு. தகரக் கூரை. காலையிலிருந்து இரவுவரை மல்லாந்து அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான், இத்தனை வருஷமும். இங்கே ஜன்னல் இருக்கிறது, சண்டை போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பம்பரம் விட்டால் உடம்பெல்லாம் சிரிக்கிறான்.

துவாலையை நான்காக மடித்துப் பலகையில் கட்டிவிட்டேன். சத்தம் போச்சு. லீலா டீச்சர் முகத்தில் நிம்மதி. எனக்கும்தான்.

மத்தியானம் பார்த்தேன். துவாலைமேல் தட்டிக்கொண்டே இருக்கிறான். சத்தமில்லாமல். மூன்று, நிறுத்தம், மூன்று.

ஜூன் 18, வியாழன்

காற்று. வீடெல்லாம் தூசி.

சீலன் என்னைப் பார்ப்பதில்லை. நாற்காலியைத் திருப்பினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். சாப்பாடு வேண்டாம். இன்று தட்டவும் இல்லை.

நல்லது என்று நினைக்கப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை.

ஜூன் 20, சனி

சாயங்காலம் அதிர்வு. தட்டிலிருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. எங்கேயோ கீழே பாறை வெடித்திருக்கிறது. வழக்கம்போல எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஷிஃப்ட் ஆட்கள் தெருமுனையில் தலை காட்டியதும் ஒவ்வொருத்தியாக உள்ளே போனாள்.

அத்தையும் நின்றார். கடைசி ஆள் போன பிறகும் நின்றார். உள்ளே வாங்க அத்தை என்றேன். “வர்றேன், நீ போ” என்றார். யாருக்காக நிற்கிறார் என்று நான் கேட்பதில்லை. நானும் பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நாளை என் வீட்டுக்காரர் திதி. பூ, வாழைப்பழம், மெழுகுவர்த்தி. புத்தர் படத்தின் கண்ணாடியைத் துடைக்க.

ஜூன் 21, ஞாயிறு

தாஸ் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரரோடு சுரங்கத்தில் ஒரே கேங்கில் இருந்தவர். வருஷா வருஷம் இந்த நாளில் பன் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவார், வாசல்படியிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். இன்று உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். கேட்டுவிட்டேன். சத்தம் கேட்டதா?

பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. காத்திருந்தேன்.

“கேட்டுச்சுமா. மூணு, அப்பால நிறுத்தி மூணு. மணி மாதிரியே. ஆளு கீதுன்னு சொல்றான். எங்க எல்லாருக்கும் புரிஞ்சிது.”

அப்புறம்?

“நான் கம்பிய எடுத்தேன், உள்ள போற குழாய்ல தட்டலாம்னு. மேஸ்திரி கையப் புட்ச்சிக்கினான். பதில் தட்டாத, இன்னொரு ஆளு போயிடும்னான். நாங்க மண்ண அள்ளறத நிறுத்தலமா. ராவும் பகலும் அள்ளினோம். பதில் மட்டும் தட்டல.”

எழுந்து நின்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை, முகம் வாசல்பக்கம்.

“நாங்க வர்றோம்னு அவனுக்குத் தெரியாது. அது ஒண்ணுதாம்மா.”

போய்விட்டார். பன் ரொட்டி மேசையில். அத்தை அடுப்படியில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நறுக்கிய காயையே திரும்பவும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

தாஸ் அண்ணன்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இருந்திருந்தால் தட்டியிருப்பேனா? வகுப்பில் இத்தனை நாளாக என்ன செய்தேன்? துவாலை கட்டினேன்.

யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

ஜூன் 22, திங்கள்

தூறல். சரியாகத் தூங்கவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, நானும் சீலனும் மட்டும். துவாலையை அவிழ்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பலகையில் தட்ட என் கையை வைத்தேன். வரவில்லை கை. புளிய மரத்தடியில் தனியாகப் போகப் பயந்த வயசெல்லாம் வந்துபோனது. அத்தைக்கு ஏதாவது ஆனால்? இந்தப் பிள்ளைக்கே ஆனால்? படித்துப் பயிற்சி பெற்ற துணையாளர், கையைப் பலகையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

தட்டினேன். மூன்று.

சீலன் முகம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் பக்கம் திரும்பியது. கழுத்து ஒத்துழைக்கவில்லை, இரண்டு தடவை விழுந்தது. என்னைப் பார்த்தான். கை எங்கெங்கோ போய் அலைந்து பலகைக்கு வந்தது.

மூன்று.

திரும்பவும் நான் மூன்று. அவன் மூன்று. வாய் முழுக்கச் சிரிப்பு, உடம்பு வில்லாக வளைந்து வார் அறுந்துவிடும்போல. துடைக்கிறேன் சீலா என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்தேன். பிறகு என் கண்ணை.

எட்டு வருஷமாகத் தட்டியிருக்கிறான். ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்று. மணி அடிக்கிறவன் மகன், அடித்தால் மணி திரும்பி வரும் என்று நினைத்திருப்பான். இந்த ஊரில் ஒருவர்கூடத் திருப்பித் தட்டவில்லை. கையைப் பிடித்தோம்.

ஜூன் 23, செவ்வாய்

சாப்பாடு. ஒரு தட்டு. உடனே ஸ்பூனைக் கீழே வைத்தேன். சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. என்ன இது? மணிக் கணக்கில் ஒன்று நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு. ஸ்பூனை அவன் வாய்க்கு இறக்கினேன். வாங்கிக்கொண்டான். அடப்பாவி.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்தது.

ஜூன் 24, புதன்

லீலா டீச்சரிடம் பேசினேன். நேராகவே. வருகைப் பதிவில் அவனைக் கூப்பிடுங்கள், பதில் சொல்வான் என்றேன். அவர் முகம் வெளுத்தது. “அக்கா, எனக்கு அந்தச் சத்தம் ஆவாது. எங்க சித்தப்பாவும் கீழதான் போனாரு” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தாஸ் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. கேட்டுவிட்டு வெகுநேரம் கரும்பலகையைத் துடைத்தார், அதில் எழுத்தே இல்லை.

பார்ப்போம் என்றார்.

ஜூன் 26, வெள்ளி

நேற்றும் இன்றும் லீலா டீச்சர் சீலனைக் கூப்பிடவில்லை. அவன் பெயருக்கு முன்னால் நிறுத்துகிறார், உதட்டை ஈரப்படுத்துகிறார், தாண்டிவிடுகிறார். சீலன் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அதைப் பார்க்க எனக்கு மனசில் தெம்பில்லை.

ஜூன் 29, திங்கள்

நாளை பெரிய டீச்சர் வருகிறார். வசந்தா ராபர்ட்சன்பேட்டையில் வெள்ளைச் சட்டை வாங்கியிருக்கிறாள். காலரில் எச்சில் படாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டாள். படட்டும் என்றேன்.

அத்தையிடம் எல்லாம் சொன்னேன், சீலனுக்கு நான் திருப்பித் தட்டியதையும். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். சிரித்தான் என்றேன். தலையாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

ஜூன் 30, செவ்வாய்

வெயில். துவாலை ஐந்து. வெள்ளைச் சட்டையில் முதல் பத்து நிமிஷத்திலேயே எச்சில்.

பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில், குடையை மடியில் வைத்து. வருகைப் பதிவு. சரவணன், உள்ளேன் மிஸ். சரஸ்வதி, உள்ளேன் மிஸ். லீலா டீச்சர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“சீலன்.”

வகுப்பு மொத்தமும் விறைத்துப்போனது. அந்தப் பெயரை அங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சீலன் உடம்பும் விறைத்தது, சந்தோஷத்தில், அதனால் கை எதிர்ப்பக்கம் போய் நாற்காலிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிடவில்லை. காத்திரு. காத்திரு. பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லீலா டீச்சர் பேனாவை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

கை விடுபட்டது. டொக். பலகை தவறிக் காற்றில் ஒன்று. டொக். பெரிய டீச்சர் எழுந்திருக்கப் போனார்.

டொக்.

முன் பெஞ்சிலிருந்து சரஸ்வதி, திரும்பிப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்: “ஆளு கீது, மிஸ்.”

லீலா டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். மேசைமேல், விரல் முட்டியால், மூன்று தட்டினார். பிறகுதான் பதிவில் எழுதினார்.

பெரிய டீச்சர் மறுபடி உட்கார்ந்தார். பள்ளி மணி அடிக்கும் வரை இருந்தார். போகும்போது என்னிடம், நாற்காலியின் முன்காலுக்கு ரப்பர் போடச் சொல்லுங்கள், வருஷம் முழுக்க இழுத்தால் தரை என்னத்துக்கு ஆகும் என்றார்.

வருஷம் முழுக்க என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைத்தார். கை கழுவினார். கரண்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய், முழங்காலைப் பிடித்து மெல்லக் குந்தி உட்கார்ந்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

குழாயில் தட்டினார். மூன்று. நிறுத்தி, மூன்று.

“வர்றோம்பா” என்றார் குழாயிடம்.